மண்ணும் மன்னிப்பும்

‘எனது ஊர்’ என்னும் பொருளிலே கட்டுரை எழுதக் கொடுப்பது தமிழாசிரியரின் பழைய வழக்கம். சென்ற தவணையில் நாமும் ஆறாம் வகுப்பு மாணவர்க்கு அவ்வாறே கொடுத்தோம். குளம், வயற்கரை, பிள்ளையார் கோயில், நாவல் மரம் என்று மற்றப் பிள்ளைகள் பக்கம் நிரப்பிக்கொண்டிருக்க, ஒரு சிறுவன் மட்டும் மூன்று வரிகளோடு நிறுத்திவிட்டான். பாட்டனார் அட்டனை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்திற் பிறந்தவர். தந்தையார் வவுனியாவிலே காடு வெட்டிய இடமொன்றிற் பிறந்தவர். தான் பிறந்தது கிளிநொச்சியில். இம்மூன்றில் எது தன் ஊரென்று தெரியவில்லை என எழுதியிருந்தான். அதை உரக்க வாசித்ததும் பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “வந்தான் வரத்தானுக்கு ஊரேது?” வகுப்புச் சிரித்தது. நாம் அதட்டினோம். சிரிப்பு அடங்கிற்று.

அதட்டல் விடையாகாது என்பதை அன்று மாலையே உணர்ந்தோம். அந்தச் சொல்லைப் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்தான். வீடு அதை ஊரிலிருந்து பெற்றது. ஊரோ அதைக் காணியுடைமையின் நீண்ட பழக்கத்திலிருந்து பெற்றது. எனவே விடையை வரலாற்றிலேதான் தேடவேண்டும். இக்கட்டுரை அந்தச் சிறுவனுக்கு நாம் வகுப்பிற் சொல்லத் தவறிய விடையாகும்.

கடந்த நாற்பது ஆண்டுகளாகக் கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளிலே கிறிஸ்தவத் திருச்சபைகள், பூர்வீகக் குடிகளுக்கும் குடியேறியோருக்கும் இடையே ஒப்புரவு உண்டாக்கும் பணியைக் கையிலெடுத்துள்ளன. நம் வன்னியிலும் போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் ஆலய மேடைகளிலே ‘ஒப்புரவு’, ‘நல்லிணக்கம்’ என்னும் சொற்கள் அடிக்கடி ஒலிக்கின்றன. நாம் எச்சமயத்தின் சார்பிலும் எழுத வரவில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் தன் தவறுகளை எவ்வாறு ஏற்றுக்கொள்கிறது என்பது வரலாற்று மாணவனுக்கு உரிய கேள்வியே.

ஒப்புரவு என்னும் சொல்லையே முதலில் நோக்குவோம். கிறிஸ்தவத் தமிழில் அது பகைமை நீங்கிச் சமாதானமாதலைக் குறிக்கும். வள்ளுவரோ ‘ஒப்புரவறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்து, ஊரார் பருகும் நீர்நிலையையும் ஊர்நடுவே பழுத்த மரத்தையும் அங்கு உவமை காட்டினார். உள்ளதை ஊரோடு பகிர்தலே அவர் கண்ட ஒப்புரவு. முதற்பொருள் உள்ளத்தைப் பற்றியது. இரண்டாவது உடைமையைப் பற்றியது. இரண்டாவது இல்லாமல் முதலாவது நிலைக்குமா என்பதே நம் வினா.

யார் பூர்வீகர்?

இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர் தம்மை ‘வன்னியலா எத்தோ’ என அழைப்பர். காட்டில் வாழ்வோர் என்பது அதன் பொருள். வன்னி என்னும் சொல்லைத் தம் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கும் அம்மக்கள், மகாவலித் திட்டத்தின் பெயரால் 1983ஆம் ஆண்டிலே மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டபோது தம் வேட்டைக் காடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். தம்பானையின் முதுதலைவர் திஸ்ஸஹாமி மட்டும் சில குடும்பங்களோடு நகர மறுத்து நின்றார். கிழக்குக் கரையிலே தமிழ் பேசும் வேடரும் உளர். ஆகவே, ‘இம்மண்ணின் முதற்குடி நாமே’ என்று சிங்களவரோ தமிழரோ மார்தட்டுமுன் ஒருகணம் தயங்குதல் நலம்.

வன்னிப் பெருநிலத்தின் வரலாறு இன்னும் சிக்கலானது. குளங்களைச் சார்ந்து வாழ்ந்த பழைய விவசாயக் குடிகளும் அவர்களை ஆண்ட வன்னியத் தலைவர்களும் இங்கிருந்தனர். 1803ஆம் ஆண்டிலே பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும், அதே ஆண்டின் இறுதிப்பகுதியிற் கற்சிலைமடுவில் ஆங்கிலப் படையிடம் தோல்வியுற்றதும் நம் மாணவர் அறிந்த செய்தி. அதன்பின் வந்த நூற்றாண்டிலே குளங்கள் பல தூர்ந்தன. மலேரியா மக்களை அரித்தது. 1902இல் இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கிற்று. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நிலமற்ற விவசாயிகள் கிளிநொச்சிப் பகுதியிற் குடியேறினர். 1958இலும் 1977இலும் நடந்த இனவன்செயல்கள் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் மக்களை இங்கே துரத்தின.

இவ்வாறு நோக்குமிடத்து, வன்னியின் இன்றைய குடிகளிற் கணிசமானோர் ஏதோ ஒரு தலைமுறையிலே வந்தவர்களே. எனில், பூர்வீகர், குடியேறியோர் என்னும் பாகுபாடே பொய்யா? அன்று. முன்னர் வந்தது யார் என்று ஆண்டுகளை எண்ணுவதால் உண்மை புலப்படாது. எவருடைய அதிகாரத்தின் துணையோடு வந்தார்கள், அவர்கள் வந்ததால் எவர் காணி இழந்தார், எவர் இலாபம் பெற்றார் என்று கேட்டால்தான் புலப்படும். துப்பாக்கியும் சட்டமும் முன்னே செல்ல, பின்னே வரும் குடியேற்றம் ஒன்று. பசியும் பயமும் துரத்த, கைக்குழந்தையோடு வரும் குடியேற்றம் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது ஆளும் வர்க்கத்துக்கு வசதியானது.

ஒரே சபை, இரு நிலங்கள்

வேறுபாட்டை விளக்க நமக்குப் பழக்கமான ஒரு சபையின் வரலாறே உதவும். பிரான்சு நாட்டிலே யூஜின் டி மசனட் 1816இல் தொடங்கியது அமலமரித் தியாகிகள் சபை. அச்சபைக் குருமார் 1841இற் கனடாவை அடைந்தனர். 1847இல் இலங்கைக்கு வந்தனர். யாழ்ப்பாணத்தின் கல்லூரிகளிலும் வன்னிக் காட்டின் மேற்கெல்லையிலுள்ள மருதமடுத் திருத்தலத்திலும் அவர்களின் சுவடு பதிந்துள்ளது. அவர்களுள் ஒருவரான போஞ்சீன் ஆண்டகை 1868 முதல் 1883 வரை யாழ்ப்பாண ஆயராக இருந்து, பாடசாலைகளைக் கட்டியெழுப்பியதை நம் கல்வி வரலாறு மறவாது.

அதே சபையினர் கனடாவிலும் பாடசாலை நடத்தினர். ஆனால் அவை எத்தகைய பாடசாலைகள்! பூர்வீகக் குடிகளின் பிள்ளைகளைத் தாய்தந்தையரிடமிருந்து பிரித்து, விடுதிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்து, கூந்தலை நறுக்கி, பெயரை மாற்றி, ‘நாகரிகப்படுத்திய’ வதிவிடப் பாடசாலைகள் அவை. அரசாங்கம் பணம் கொடுத்தது. கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரஸ்பிற்றேரியன் சபைகள் நிருவகித்தன. 1920இலிருந்து வரவு கட்டாயமாக்கப்பட்டது. ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் அவற்றின் வாயிலாகச் சென்றனர். 4,000க்கு மேற்பட்ட பிள்ளைகளின் இறப்பு இதுவரை பதிவாகியுள்ளது. அமலமரித் தியாகிகள் நடத்தியவை மட்டும் 48 பாடசாலைகள்.

ஒரே சபை, ஒரே விதிநூல், ஒரே செபமாலை. யாழ்ப்பாணத்திலே தமிழ் கற்று, தமிழிலே பிரசங்கித்த சபை, அங்கே கிரீ மொழியையும் டெனே மொழியையும் பிள்ளைகளின் நாவிலிருந்து துடைக்க உடந்தையானது ஏன்? குருமாரின் தனிப்பட்ட குணத்திலே காரணத்தைத் தேடுவது வீண். கனடாவில் அரசுக்கு வேண்டியது நிலம். நிலத்தைப் பெறவேண்டுமாயின், அந்நிலம் எமது எனக் கூறும் மக்களை மக்களாக இல்லாமற் செய்யவேண்டும். திருச்சபை அந்த வேலைக்குக் கருவியாயிற்று. இங்கோ ஆங்கிலேயருக்கு வேண்டிய நிலம் மலைநாட்டிற் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு வேண்டியவர் எழுதுவினைஞர். எனவே பாடசாலையும் வேறாயிற்று. நிலத்துக்கும் அரசுக்கும் மதத்துக்கும் இடையிலுள்ள முடிச்சே ஒரு மிஷன் பாடசாலையைக் கல்விக்கூடமாகவோ சிறைக்கூடமாகவோ ஆக்குகிறது.

முடிவுறாத கற்குவியல்

கனடாவின் திருச்சபைகள் பின்னர் மன்னிப்புக் கேட்டன. 1986இல் ஐக்கிய திருச்சபை சட்பரி நகரிற் கூடிய தன் பொதுப்பேரவையிலே பூர்வீகக் குடிகளிடம் மன்னிப்புக் கோரிற்று. அவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு ஆண்டுகள் சிந்தித்தனர். 1988இல், மன்னிப்புரை நம் செவிக்கு எட்டியது என்றனர். ஏற்றுக்கொண்டோம் என்று கூறவில்லை. அந்த உரை நடைமுறையில் வாழ்ந்து காட்டப்படட்டும் என்றனர். நினைவுக்காக அடுக்கிய கற்குவியலையும் வேண்டுமென்றே முடிக்காமல் விட்டனர். மன்னிப்புக் கேட்பவன் கேட்ட மாத்திரத்திலே கணக்கு முடிந்தது என எண்ணலாகாது என்பதை அக்கற்கள் இன்றும் உணர்த்துகின்றன.

1991 யூலையில் அமலமரித் தியாகிகள் சபையின் கனடியத் தலைவர்கள், அல்பேர்ட்டா மாகாணத்திலே புனித அன்னம்மாளின் பெயர் பூண்ட ஏரிக்கரையில், ஆயிரக்கணக்கான பூர்வீக யாத்திரிகர் முன்னிலையில் மன்னிப்புக் கோரினர். 1993இல் அங்கிலிக்கன் தலைமை ஆயர் மைக்கல் பியர்ஸ் கோரினார். 2022 யூலையிற் பாப்பரசர் பிரான்சிஸ் மஸ்க்வாசிஸ் என்னுமிடத்துக்கே சென்று கோரினார். அதற்கு ஏழு ஆண்டுகளின் முன்னர், 2015 சனவரி 14ஆம் நாள், அதே பாப்பரசர் நம் மருதமடுவிலும் நின்றார். போரினால் நொந்த குடும்பங்கள் அங்கே கூடியிருந்தன. நாம் செய்யவல்ல தீமையையும் அதில் நமக்கிருந்த பங்கையும் உணர்ந்து வருந்திய பின்னரே மன்னிப்பைக் கோரவும் அளிக்கவும் இயலும் என்பதே அவர் அங்கு கூறியதன் சாரம்.

சொற்கள் உயர்ந்தவை. பணப்பை திறந்ததா? 2006ஆம் ஆண்டுத் தீர்வு உடன்படிக்கையின்கீழ்க் கனடாவின் கத்தோலிக்க நிறுவனங்கள் 25 மில்லியன் டொலரை இயன்றவரை முயன்று திரட்டித் தருவதாக ஏற்றுக்கொண்டன. திரண்டது 4 மில்லியனுக்கும் குறைவு. 2015இல் நீதிமன்றம் அப்பொறுப்பிலிருந்து அவற்றை விடுவித்தது. பழைய பாடசாலை நிலங்களிற் புதைகுழித் தடயங்கள் பற்றிய செய்தி 2021இல் உலகை உலுக்கிய பின்னரே ஆயர்கள் 30 மில்லியன் டொலர் தருவதாக உறுதியளித்தனர்.

கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்தில் இதனைப் படிப்பர். பாவசங்கீர்த்தனம் செவ்வனே அமைய, பாவங்களை நினைவுகூர வேண்டும். மனம் வருந்த வேண்டும். இனிச் செய்யேன் எனத் தீர்மானிக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பரிகாரம் செய்ய வேண்டும். திருச்சபைகள் நாலாம் படியில் ஏறி நின்று, ஐந்தாம் படியின் முன்னே தயங்குகின்றன. தனிமனிதனுக்கு விதித்த சட்டம் நிறுவனத்துக்கு மட்டும் பொருந்தாதா?

மணலாற்றின் பாடம்

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

1970களின் நடுப்பகுதியிலே, தோட்டங்கள் தேசியமயமாகிய காலத்திற் பசி மலையகத்தைப் பிடித்தாட்டியது. 1977இல் வன்செயல் தொடர்ந்தது. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் வவுனியாவை நோக்கி வந்தனர். கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் முன்னின்று நடத்திய காந்தீயம் என்னும் இயக்கம் அவர்களைக் குடியமர்த்திற்று, பாலர் பாடசாலைகள் நடத்திற்று, கிணறு வெட்டிற்று. வெளிநாட்டுக் கிறிஸ்தவ உதவி நிறுவனங்களின் நன்கொடையும் அதற்குத் துணையாயிற்று. கென்ற் பண்ணை, டொலர் பண்ணை என்னும் இரு குத்தகை நிலங்களிலும் இம்மக்கள் குடியேறினர்.

1983 ஏப்ரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையிலே இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984இல் அவ்விரு பண்ணைகளிலிருந்தும் மலையகக் குடும்பங்கள் விரட்டப்பட்டன. அங்கே சிங்களச் சிறைக்கைதிகள் குடும்பங்களோடு கொண்டுவந்து இருத்தப்பட்டனர். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கினர். கொல்லப்பட்டவர்களுட் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். இரண்டு நாள் கழிய, ஒதியமலையில் முப்பதளவான தமிழர் இராணுவத்தாற் கொல்லப்பட்டனர். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊர் துறந்து ஓடினர். 1988இல் அப்பிரதேசம் மகாவலி ‘எல்’ வலயமாகி, மணலாறு என்னும் பெயர் ‘வெலி ஓயா’ எனச் சிங்களமாயிற்று.

இந்நிகழ்ச்சிகளைத் தொகுத்து நோக்குக. தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட ஏழைத் தமிழன் இருந்த குடிசையில், சிறையிலிருந்து பெயர்க்கப்பட்ட ஏழைச் சிங்களவன் இருத்தப்படுகிறான். முன்னவன் மீண்டும் அகதியாகிறான். பின்னவன் குடும்பத்தோடு மடிகிறான். வரைபடத்திற் கோடு கீறியவன் கொழும்பிலே உறங்குகிறான். முப்பதாம் நாளின் குருதியும் இரண்டாம் நாளின் குருதியும் ஒரே மண்ணில் ஊறியவை. ஒன்றை மட்டும் நினைவுகூர்ந்து மற்றதை மறக்கும் அஞ்சலி ஒப்புரவாகாது. ஆனால் இரண்டையும் நினைவுகூர்ந்து, காணிப் பிரச்சினையை மட்டும் மறைக்கும் அஞ்சலியும் ஒப்புரவாகாது என்பதை நாம் அழுத்திக் கூறவேண்டும்.

சாட்சிகளும் மௌனங்களும்

இலங்கைத் திருச்சபைகளில் நேர்மையான குரல் எழாமலில்லை. குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க 1983 யூலை வன்செயலின்போது நோயாளியாக இங்கிலாந்தில் இருந்தார். திரும்பிவந்து, செப்டம்பரிலே தம் மறைமாவட்டத்தாருக்கு ஆற்றிய உரையில், சிங்களவராகிய நாம் இந்த அவமானத்தை நமதென ஏற்றுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்னும் கருத்தை வெளியிட்டார். அடுத்த மாதமே காலமானார். பிறர் குற்றத்தைச் சுட்டுவது எளிது. தன் இனத்தின் குற்றத்தைத் தன் இனத்தாரின் முன்னே சொல்வதற்கே துணிவு வேண்டும்.

அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த மைக்கல் ரொட்றிகோ அடிகள் 1980இற் புத்தளையை அடுத்த ஒரு கிராமத்திற் குடிசை அமைத்து, பௌத்த விவசாயிகளிடையே வாழ்ந்தார். மதம் மாற்ற அன்று. அந்நியர் ஆட்சியின் நிழலிலே கிறிஸ்தவம் அம்மக்களுக்கு இழைத்த தீங்குக்குப் பரிகாரமாக. கரும்புக் கம்பனிக்குக் காணி பறிபோன விவசாயிகளின் பக்கம் அவர் நின்றார். 1987 நவம்பர் 10ஆம் நாள் பூசை நிறைவேற்றிக்கொண்டிருக்கையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். கனடாவிலே அவர் சபையார் ஏரிக்கரையில் மன்னிப்புரை வாசிப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே ஐந்தாம் படியில் ஏறியவர் அவர்.

வன்னியிலும் குருமார் மக்களை விட்டகலாது நின்றனர். அகதிகளுக்குத் தொண்டாற்றிய பாக்கியரஞ்சித் அடிகள் 2007 செப்டம்பர் 26இற் கிளைமோர்க் கண்ணிவெடிக்கு இரையானார். முதியவரான பிரான்சிஸ் யோசப் அடிகள், 2009 மே 18ஆம் நாள் முல்லைத்தீவிலே சரணடைந்தோருடன் சென்றபின் திரும்பவில்லை. 2011 சனவரியிலே மன்னார் ஆயர் இராயப்பு யோசப், கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுவின் முன் தோன்றிக் கச்சேரிக் கணக்குகளை எடுத்து வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059. அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேர் எங்கே என்று கேட்டார். 2021இல் அவர் மறைந்தார். அவரது வினா மறையவில்லை. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்த தாய்மாரின் கையிலிருந்த படங்களும் அதே வினாவைத்தான் கேட்டன.

மௌனங்களும் உள. 2018 ஆகஸ்டில் ஓர் இரவு நாயாற்றுக் கரையிலே தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரிக்கப்பட்டன. பருவத்துக்குப் பருவம் அக்கரைக்குத் தொழிலுக்கு வரும் தென்னிலங்கை மீனவரிற் பலர் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்கர். முல்லைத்தீவுக் கரையிலும் கத்தோலிக்க மீனவர் பலர். இருவரும் மடுவுக்கு யாத்திரை செல்வர். இருவரும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவர். ஆடித் திருவிழாவில் ஒரே பந்தலின்கீழ் இரு மொழியிற் செபம் சொல்வது அழகிய காட்சிதான். ஆனால் கரைவலைப் பாடு எவருக்கு உரியது என்னும் கேள்வி பந்தலுக்கு வெளியே நிற்கும்வரை, அந்த ஒற்றுமையின் ஆயுள் திருவிழாக் கொடி இறங்கும்வரை மட்டுமே.

நம் பக்கக் கணக்கு

இதுகாறும் பிறர் கணக்கைப் பார்த்தோம். வாசகர்களிற் சிலர் மகிழ்ந்தும் இருக்கலாம். இனி நம் கணக்கைப் பார்ப்போம்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு, இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது தமிழ்க் காங்கிரசின் தலைமை அரசாங்கத்தோடு நின்றது. அதைப் பிளந்துகொண்டு வெளியேறியவர் செல்வநாயகமும் அவர் தோழரும். 1964இற் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, அம்மக்களை எவரும் கேட்கவில்லை.

வன்னிக்கு வந்தபின் அவர்கள் நிலை என்ன? பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரச காணியின் அனுமதிப்பத்திரம் கிடைப்பதில்லை. காடு வெட்டியவன் அவன். காணி உறுதி இன்னொருவன் பெயரில். பழைய காணிக்காரருக்கு மலிந்த கூலி கிடைத்தது. எல்லைக் கிராமங்களிலே அவர்கள் இருந்ததால் நடுவிலிருந்த நமக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. அவர்களை அரணாக நிறுத்திவிட்டு, ‘தோட்டக்காட்டான்’ என்று அழைத்தோம். கொலனி ஒன்றுக்குப் பாரதியின் பெயரைச் சூட்டினோம். பாரதியின் மனத்தைச் சூட்ட மறந்தோம். போர் வந்தபோது பங்கருக்குட் கூட ஒதுங்க வசதியற்றவராக முதலில் இடம்பெயர்ந்தவர் அவர்களே. 2003இல் நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறிய பின்னரும், பெயர் மாறிய அளவுக்குக் காணி மாறவில்லை.

இங்கே நம் ஆலயங்களும் கோயில்களும் என்ன செய்தன? உணவு கொடுத்தன, உடை கொடுத்தன. ஆயின் காணிக்காரன் முன்வரிசையிலும் கூலிக்காரன் பின்வரிசையிலும் இருந்து ஒரே இறைவனைத் தொழும் ஒழுங்கை அவை எத்துணை தூரம் கேள்வி கேட்டன? 1990 ஒக்டோபரிலே வடக்கிலிருந்து முஸ்லிம்கள் மிகக் குறுகிய அவகாசத்திற் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அயலவராகிய நம்மிற் பெரும்பாலோர் கதவிடுக்காற் பார்த்திருந்தோம். தமிழரின் காணியைப் பறித்தவனிடம் மன்னிப்பைக் கோருவது நம் உரிமை. அந்த உரிமைக்கு வலுச்சேர்ப்பது நாம் கேட்கவேண்டிய மன்னிப்பேயாகும். கனடாவிலே வாழும் நம் உறவினரும் இதனைச் சிந்திக்கலாம். அங்கே அவர்கள் வாங்கிய வீடு எவர் நிலத்தில் நிற்கிறது?

இத்திசையில் ஒரு நல்ல நிகழ்ச்சியைக் குறிப்பிடாதுவிடல் தவறு. 2023 யூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நெடுநடை நடந்தது. மலையக மக்கள் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட இருநூறாம் ஆண்டின் நினைவாகத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் பல மக்கள் அமைப்புகளும் கூடி அதை ஒழுங்கு செய்தன. அவர்களின் முன்னோர் நடந்த அதே காட்டுவழி. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் அவ்வழியோரத்திலே வீழ்ந்தவர் எண்ணற்றோர். அந்தப் பாதை வன்னிக் காட்டின் ஓரமாகவே சென்றது என்பதைக் கவனிக்க. வன்னி மண்ணிலே தம் முன்னோரின் எலும்பு கிடப்பவரை ‘வந்தான் வரத்தான்’ என்று அழைப்பதற்கு எந்த வரலாறு இடந்தருகிறது?

சக்கேயுவின் கணக்கு

சுவிசேஷத்திலே சக்கேயு என்னும் ஆயக்காரன் வருகிறான். வரி வாங்கிக் கொழுத்தவன். அவன் திருந்தியபோது கண்ணீர் வடித்ததாக அங்கே சொல்லப்படவில்லை. கணக்குப் பார்த்தான். உடைமையிற் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் எடுத்தது நான்கு மடங்காகத் திருப்பி. அதன்பின்னரே அவன் வீட்டுக்கு மீட்பு வந்தது. திருச்சபைகள் தம் மேடைகளிலே இக்கதையை இன்னும் அதிகமாகச் சொல்லலாம்.

செய்யத்தக்கவை அரியவையும் அல்ல. கோயிலுக்கும் மிஷனுக்கும் சொந்தமான காணிகளில் நீண்டகாலம் குடியிருக்கும் கூலிக் குடும்பங்களுக்கு உறுதி எழுதிக் கொடுக்கலாம். காணிக் கச்சேரி நடக்கும் நாளிலே குருவானவரும் ஐயரும் மௌலவியும் ஆசிரியரும் காணியற்றவனின் பக்கத்தில் நிற்கலாம். 2017இற் கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பு மக்கள் ஒரு மாதம் வெயிலிலும் பனியிலும் இருந்து, படையினரிடமிருந்து தம் காணியை மீட்டார்கள். அந்த உறுதி பக்கத்துக் கொலனிக்காரனின் காணிக்காகவும் எழவேண்டும். மணலாற்றுக்கும் நாயாற்றுக்கும் இரு தரப்பு மீனவரும் விவசாயியும் நேருக்கு நேர் அமர்ந்து பேசும் மேடையைத் திருச்சபைகள் அமைக்கலாம். இரு மொழியும் அறிந்த குருமார் அவற்றுக்கு உளர். திருவிழாப் பந்தல் அதற்கும் உதவட்டும்.

அடுத்த நாள் அந்தச் சிறுவனின் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தோம். மூன்று வரிகளின் கீழே, ‘காடு வெட்டிய கைக்கு அந்த நிலம் ஊர், அதை மறுத்தவர்கள் நாங்கள்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தோம். வகுப்பின் முன்னேயும் அதைச் சொன்னோம். பின்வாங்குச் சிறுவன் தலை கவிழ்ந்திருந்தான். கொப்பிக்கு உரியவன் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால், சேர், எங்களுக்கு உறுதி எப்ப தருவினம்?” என்று கேட்டான்.

சட்பரியின் முடிவுறாத கற்குவியல் நம் நினைவுக்கு வந்தது. அவன் கேட்டதற்கு விடை சொல்ல ஓர் ஆசிரியரால் ஆகாது. ஊர் கூடித்தான் சொல்லவேண்டும்.